புழுங்கலரிசியின் இரண்டு சான்றிதழ்கள்

1. கடையில் கேட்ட பேச்சு

கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான் போகும் வழியில் உள்ள மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைகள் இரண்டு அடுக்காக இருக்கும். ஓரடுக்கு உள்ளூர் வெள்ளை அரிசி. வடக்கே அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் வரும் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களில் விளைந்தது. மற்றது கப்பலேறி வந்த புழுங்கல். அண்மையில் அப்படி ஒரு கடையில் நின்றபோது ஓர் அம்மா சொன்னார்: "டாக்டர் வெள்ளரிசிய நிப்பாட்டச் சொல்லிட்டாரு. புழுங்கல்ல அஞ்சு கிலோ போடுங்கக்கா." கடைக்காரப் பெண்மணி தலையாட்டினார்: "அந்தக் காலத்துல தோட்டத்துல எல்லாம் அதத்தான சாப்பிட்டாங்க. யாருக்கு வந்துச்சு இந்த இனிப்பு நீரு?"

அந்தக் கேள்வியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குச் சற்றே குறைவு. அந்தச் சூழலில் 'புழுங்கல் நல்லது' என்ற பேச்சு வெறும் சுவைப் பழக்கமாக இல்லை, மருந்துச் சீட்டாகிவிட்டது.

நெல்லுக்குச் சூடு காட்டுவதால் அதன் மாவுச்சத்து மாறுகிறதா, மாறினால் அந்த மாற்றம் தட்டில் வந்து விழும்வரை தங்குகிறதா என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி. புழுங்கலரிசி ஒரு நோய்க்கு எதிராக நேர்மையாகச் சம்பாதித்த சான்றிதழை நாம் வேறொரு நோய்க்கு எடுத்து நீட்டுகிறோம் என்பது என் கருத்து. முதல் சான்றிதழ் மலாயாவில், தமிழர்கள் பெயரால் எழுதப்பட்டது. இரண்டாவதில் இன்னும் பல இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன.

2. முதல் சான்றிதழ்: பெரிபெரி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். கால் வீங்கும், மரத்துப்போகும், பிறகு இதயம் நின்றுவிடும். அதே நாட்டில் ரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர்களிடம் இந்நோய் மிக அரிது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர் உண்டது புழுக்கிக் குத்திய அரிசி. மலாய்க்காரர் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சாப்பிட்டார்கள். நோய் வெள்ளை அரிசியின் பின்னாலேயே போனது. 1907இல் வெளிவந்த அவருடைய தடித்த நூல் இதைப் பக்கம் பக்கமாக வாதாடியது. அரிசியில் சேரும் ஏதோ ஒரு நஞ்சே காரணம் என்று அவர் நம்பினார். விளக்கம் தவறு, கவனிப்பு சரி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. 1905 டிசம்பரில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கலரிசி. மற்ற கறி, மீன் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. வெள்ளை அரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது. ஆனால் பருப்பாலும் ரசத்தாலும் கருவாட்டாலும்தான் தமிழன் தப்பினான் என்று சொல்லக்கூடியவர்களின் வாயை அது அடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும், நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இரண்டு அரிசிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து அதையே உறுதிசெய்தார்கள். தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் மருந்து இருக்கிறது என்ற முடிவுக்கு வழி திறந்தது. அந்த மருந்துக்குப் பின்னாளில் தயமின், வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெரிபெரி வராததைக் கொண்டு தோட்டத்து வாழ்க்கை ஆரோக்கியமாக இருந்தது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும் அதே லயங்களில் ஆட்களை வாரிக்கொண்டு போயின. புழுங்கலரிசி ஒரே ஒரு வாசலைத்தான் அடைத்தது.

அடைத்த விதத்தில்தான் மாவுச்சத்து முதன்முறையாகக் கதைக்குள் வருகிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் புழுக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்கு இறங்குகிறது. அதே சூட்டில் உள்ளே இருக்கும் மாவுச்சத்து இளகிப் பசையாகி, வெடிப்புகளை ஒட்டி, காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் வைட்டமின் முழுதாக உதிர்ந்துவிடுவதில்லை. இந்தக் கதையில் நகை தயமின், மாவுச்சத்து நகைப்பெட்டி. பெட்டியே நகை என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

3. உருளைக்கிழங்கிலிருந்து கற்றுக்கொள்வது

சூடு மாவுச்சத்தை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் அரிசியைவிட உருளைக்கிழங்கை அதிகம் நாடினார்கள். காரணம் எளிது. அரிசியின் மாவுத்துகள் சில மைக்ரான் அளவே. உருளைக்கிழங்கின் பெரிய துகள் 100 மைக்ரான் வரை போகும். பள்ளிக்கூட நுண்ணோக்கியிலேயே சிப்பிபோன்ற அதன் வரிகள் தெரியும். துகளுக்குள் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு: கிளையற்ற அமைலோஸ், கிளைத்த அமைலோபெக்டின். இவை அடுக்கடுக்காகப் படிகமாகியிருக்கும். தானியங்களின் படிக அமைப்பை ஏ வகை என்றும் உருளைக்கிழங்கினுடையதை பி வகை என்றும் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு பிரிப்பார்கள். பி வகை சற்றுத் தளர்வானது, நடுவே நீர் தங்கும் குழல் இருக்கும்.

தண்ணீர் தாராளமாக இருக்கும்போது சுமார் 60 பாகை செல்சியஸில் உருளை மாவின் துகள் உப்பத் தொடங்கும், படிகம் உருகும், பால்போலிருந்த கலவை தெளிந்த பசையாகும். இதைக் கூழாதல் எனலாம். வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு கரண்டி உருளை மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினால், திடீரென்று ஒரு நொடியில் கரண்டி கனக்கிறது. தூக்கினால் கண்ணாடிக் கயிறுபோல் நீள்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கிளறினேன். கயிறு அறுந்து, பசை நீர்த்துத் தொளதொளத்துவிட்டது. உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் பாஸ்பேட் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் எதிர்மின்னேற்றம் சங்கிலிகளை ஒன்றையொன்று தள்ளவைத்துத் துகளை அந்த அளவுக்கு உப்பச் செய்கிறது. உப்பு அந்தத் தள்ளலைத் தணித்துவிடுகிறது. அரிசி மாவில் இந்த வேடிக்கை இவ்வளவு தெரியாது.

நமக்கு முக்கியமானவை, கூழாகாமலேயே சூடு காட்டும் இரண்டு முறைகள். ஒன்று ஈரச்சூடு: மாவில் ஈரத்தை 35 விழுக்காட்டுக்குக் கீழே வைத்து, 90 முதல் 120 பாகை வரை மணிக்கணக்கில் சூடாக்குவது. தண்ணீர் போதாததால் துகள் உடைவதில்லை; ஆனால் உள்ளே சங்கிலிகள் இடம் மாறுகின்றன. உருளைக்கிழங்கின் பி வகைப் படிகம் இந்தச் சூட்டில் ஏ வகையை நோக்கி நகர்வதை 1967இல் சேர் என்ற ஆய்வாளர் விளக்கமாகக் காட்டினார். அதன்பின் அந்த மாவு பழையபடி உப்பாது, கூழாக அதிக வெப்பம் கேட்கும், பசை நீர்த்திருக்கும், ஆனால் கொதியைத் தாங்கும். மற்றது இளஞ்சூட்டு ஊறல்: நிறையத் தண்ணீரில், கூழாகும் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, நெடுநேரம் வைத்திருப்பது. படிக வகை மாறாது, படிகங்கள் ஒழுங்குபடும். கூழாகும் வெப்பம் உயர்ந்து குறுகிய எல்லைக்குள் வந்துவிடும்.

புழுங்கலுக்காக வாதாடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. பச்சை உருளை மாவு செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாது. அதற்கு ஈரச்சூடு காட்டியபின் நொதிகள் முன்னைவிடச் சுலபமாக உள்ளே நுழைகின்றன. சூடு காட்டினால் செரிமானம் மெதுவாகும் என்று பொதுவிதி எதுவும் கிடையாது. எந்த மாவு, எவ்வளவு ஈரம், எத்தனை பாகை, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகவும் வரும்.

4. ஊறலும் ஆவியும்

நெல் புழுக்குவது, ஆய்வகத்தில் தனித்தனியாகச் செய்யும் இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் பழைய தொழில். வெந்நீரில் ஊறும்போது இளஞ்சூட்டு ஊறலின் சாயல். ஊறிய நெல்லில் ஈரம் 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதை ஆவியில் வைப்பது ஈரச்சூட்டுக்கு அருகில் வருகிறது, உமி வாய் பிளக்கும் வரை போனால் கூழாதலும் நடக்கிறது. பிறகு களத்தில் காயும்போது இளகிய சங்கிலிகள் மறுபடி நெருங்கிச் சேர்கின்றன. அதை மீள்படிகமாதல் என்போம். அரிசியில் உள்ள கொழுப்போடு அமைலோஸ் சுருண்டு பிணைவதும் உண்டு. ஆகவே மாவுச்சத்து மாறுகிறதா என்ற முதல் பாதிக் கேள்விக்கு ஐயமற்ற பதில்: மாறுகிறது. புழுங்கல் சோறு உதிரியாக நிற்பதும், குழையாததும், வேக அதிக நேரம் கேட்பதும் அதனால்தான்.

இரத்தச் சர்க்கரை வேறு கணக்கு. அதற்கு நான் மதிக்கும் சான்று, 2000ஆம் ஆண்டில் வெளியான, லார்சனும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு. வங்காளதேசத்தின் பிஆர்16 என்ற ஒரே நெல் ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியைப் புழுக்கவில்லை. ஒரு பகுதியை வழக்கமான முறையில் மிதமாகப் புழுக்கினார்கள். ஒரு பகுதியை அழுத்த ஆவியில் கடுமையாகப் புழுக்கினார்கள். இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஒன்பது பேருக்குச் சமைத்துக் கொடுத்து அளந்தபோது சர்க்கரை ஏற்றக் குறியீடு முறையே 55, 46, 39. எண்கள் அழகாகத்தான் இறங்குகின்றன. ஆனால் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தபின், வழக்கமான புழுக்கலுக்கும் புழுக்காததற்கும் இடையே உறுதியான வேறுபாடு எதுவும் நிற்கவில்லை. அழுத்த ஆவிக்கு மட்டுமே நின்றது, ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. மீள்படிகமான அமைலோபெக்டின் தென்பட்டதும் அதில் மட்டும்தான்.

ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் ஒரே ரகத்தை வைத்து ஒப்பிட்டது இதன் பலம். பல பட்டியல்களில் ஒரு நாட்டின் புழுங்கலை இன்னொரு நாட்டின் வெள்ளை அரிசியோடு நிறுத்திப் பார்க்கிறார்கள். அங்கே சூட்டைப் பார்க்கிறோமா, ரகத்தைப் பார்க்கிறோமா என்று யாராலும் பிரிக்க முடியாது.

5. ஜப்பான்காரன் காலத்துக் கிழங்கு

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் நினைவிலேயே, பெட்டியே நகை என்ற வாதத்துக்கு ஓர் எதிர்ச்சான்று இருக்கிறது. போருக்கு முன் மலாயா தன் அரிசியில் மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதி செய்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபின் பர்மா, சயாம் அரிசி வரத்து சுருங்கியது. தஞ்சோங் காராங்கில் வயல் திருத்தும் வேலை போருக்கு முன்பே தொடங்கியிருந்தாலும் அதன் விளைச்சல் நாட்டுப் பசிக்குக் காணாது. தோட்டத்து மக்கள் கிடைத்த இடத்தில் மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். காலையில் அவித்த கிழங்கு, இரவில் அவித்த கிழங்கு, இலையும் கறியானது.

மரவள்ளியும் சூடு காட்டப்பட்ட மாவுச்சத்துத்தான், கிட்டத்தட்ட அது மட்டும்தான். புரதம் ஒரு விழுக்காட்டை ஒட்டி, தயமின் சொற்பம். கால் வீங்கியவர்களைப் பற்றி அந்தத் தலைமுறை சொல்லாத வீடு இல்லை. சயாம் மரண ரயில்பாதைக்குப் போனவர்களிடம் அது இன்னும் கொடூரமாக வந்தது. பெட்டி இருந்தது, உள்ளே நகை இல்லை. மரவள்ளியை அவிப்பதில் சூட்டுக்கு வேறு ஒரு பொறுப்பும் உண்டு: கிழங்கிலுள்ள சயனைடு தரும் பொருளை நீக்குவது. நறுக்கி ஊறவைக்காமல் சட்டென்று கொதியில் போட்டால் அதைச் சிதைக்கும் நொதி முதலில் செத்து, நஞ்சின் மூலப்பொருள் கிழங்கிலேயே தங்கிவிடக்கூடும். கிழவிகள் கிழங்கை அறுத்துத் தண்ணீரில் போட்டுவைத்துப் பிறகு அவித்தது வீண் சடங்கல்ல.

போர் இன்னொரு பக்கமும் வேலை செய்தது. மலாயாவிலிருந்து தமிழகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஜவ்வரிசி நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவிடம் செய்முறை தெரிந்துகொண்டு மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார் என்பது அத்தொழிலின் வரலாறு. இன்றும் சேலத்தில் ஒரே ஈரமாவு உருண்டையைச் சூடான தகட்டில் வறுத்தால் பால்வெள்ளை ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் கண்ணாடிபோன்ற நைலான் ஜவ்வரிசி. உருவமும் விலையும் மாறின. சத்துக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

6. ஆறிய சோறு

சூட்டைவிட ஆறுவதில்தான் விஷயம் இருக்கிறதோ என்ற எண்ணம் 1980களில் வலுத்தது. செரிக்காமல் பெருங்குடல்வரை போகும் மாவுச்சத்தை 1982இல் ஹான்ஸ் இங்லிஸ்ட் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். சமைத்த சோறு ஆறும்போது மீள்படிகமாதல் நடந்து அந்தப் பங்கு கூடுகிறது. 'பழைய சோறு அமிர்தம்' என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளின் வேர் இதுதான்.

எவ்வளவு கூடுகிறது? இந்தோனேசியாவில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், சுடச்சுட இருந்த வெள்ளைச் சோற்றின் 100 கிராமில் 0.64 கிராம்; பத்து மணி நேரம் அறை வெப்பத்தில் ஆறியதில் 1.30, ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்து மறுபடி சூடாக்கியதில் 1.65. கடைசி வகையைச் சாப்பிட்ட 15 ஆரோக்கியமானவர்களுக்குச் சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. உண்மைதான். ஆனால் 300 கிராம் சோறு கொண்ட ஒரு தட்டில் கூடுதலாகக் கிடைப்பது மூன்று கிராம். அதற்காக இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

செரிக்காத அந்தப் பங்கு, சூடாக்கியபின் முழுதும் கரைந்துவிடாததற்குக் காரணம் உண்டு. மீள்படிகமான அமைலோபெக்டின் 50, 60 பாகையிலேயே உருகிவிடும். மீள்படிகமான அமைலோஸ் 150 பாகையை ஒட்டித்தான் உருகும். நம் வீட்டுச் சட்டி அந்த உயரத்துக்கு ஏறாது. ஆகவே அரிசியில் அமைலோஸ் எவ்வளவு என்பதே கடைசியில் பேசுகிறது, அது ரகத்தைப் பொறுத்தது. லார்சன் ஆய்வில் புழுக்காத அரிசியே தாழ்ந்த குறியீட்டில் இருந்ததற்கும் பிஆர்16 அமைலோஸ் மிகுந்த ரகம் என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

புக்கிட் படோங் பக்கம் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய என் அத்தை இப்போதும் சோற்றை வடித்துத்தான் ஆக்குகிறார். வடித்த கஞ்சி கிண்ணத்தில் ஆறும்போது மேலே ஓர் ஆடை கட்டும். விரலால் எடுத்தால் மெல்லிய காகிதம்போல் வரும். சோற்றிலிருந்து கசிந்த அமைலோஸ் ஒன்றோடொன்று பிணைந்து காய்ந்த படலம் அது. ஒரு காலத்தில் அந்தக் கஞ்சியில்தான் தோட்ட எழுத்தர்களான கிராணிமாரின் வெள்ளைக் கால்சட்டைகள் விறைத்து நின்றன. வடிக்கும்போது அமைலோஸில் கொஞ்சமும், தண்ணீரில் கரையும் தயமினில் கொஞ்சமும் சேர்ந்தே போகின்றன. இதைச் சொன்னால் அத்தை, "கஞ்சியைக் குடிச்சிட்டா போச்சு" என்கிறார். அவர் வீட்டில் ஒரு நாள் சுடுசோற்றுக்குப் பின்னும், மறுநாள் பழைய சோற்றுக்குப் பின்னும் விரலில் குத்தி அளந்தோம். பழையது குறைவாகக் காட்டியது. முதல் நாள் அவர் பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார், இடையிடையே சுவையும் பார்த்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அத்தை வாங்குவது பொன்னிப் புழுங்கல். "ஊர் அரிசி" என்பார். தமிழ்நாட்டில் பெயர்பெற்ற பொன்னி, மாசூரி ரகத்தின் வழிவந்தது. மாசூரி 1965இல் மலேசியாவில் வெளியிடப்பட்ட ரகம். தைவானின் தைச்சுங் 65உடன், மாயாங் எபோஸ் என்ற மலாயா நெல்லைச் சேர்த்துப் பிறந்தது. இந்த மண்ணின் நெல் கடல் தாண்டிப் போய், அங்கே புழுங்கி, மூட்டையாகக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, புக்கிட் ரோத்தான் கடைக்கு வந்திருக்கிறது. மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'புழுங்கல்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. எந்த ஆவியில், எவ்வளவு நேரம் புழுக்கியது என்றோ அமைலோஸ் எத்தனை விழுக்காடு என்றோ ஒரு வரி இல்லை.